மண்டபத்தின் பின்கட்டிலிருந்து: கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர்கள், பங்குப் பேரவையினர், சபைக் கமிட்டியினர், ஜமாஅத் நிர்வாகிகள், அய்யாவழி நிழல்தாங்கல் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் கல்யாண மண்டபத்தின் பின்னால், சமையற்கட்டைத் தாண்டி, பாத்திரம் கழுவும் இடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சிமென்ட் மூடி இருக்கும். சில இடங்களில் அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் விறகு அடுக்கியிருக்கும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் நிற்கும். முன்வாசலில் ராஜகோபுரம், மணிக்கூண்டு, மினாரா என்று ஆளுக்கொன்று இருந்தாலும் பின்கட்டில் இந்த மூடி எல்லோரிடமும் ஒரே மாதிரிதான். இந்த மடல் அந்த மூடியைப் பற்றியது.

செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆள் இறங்கிச் சாவதை உங்கள் ஊரில் நிறுத்துவதற்காக நீங்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று கேட்கிறோம். முதலில் அவரவர் சொந்த டேங்க், அதன்பிறகு நகராட்சி. இந்த வரிசையை மாற்றிவிட வேண்டாம். உங்கள் பின்கட்டில் ஆள் இறங்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஆணையாளரிடம் போய்க் கேள்வி கேட்டால், அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

1993 முதல் நடந்த சாவுகளுக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் அதிகச் சாவுகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மற்ற மாநிலங்கள் ஒழுங்காகப் பதிவதில்லை, நாம் பதிகிறோம் என்று ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். செத்தவர் வீட்டில் அதைச் சொல்லிப் பார்க்க முடியாது. இறங்கியவர் பெரும்பாலும் பட்டியல் சாதிக்காரர், அதிலும் அருந்ததியர் அதிகம். அவரும் ஏதோ ஒரு கோயிலுக்குப் போகிறவர், ஏதோ ஒரு சபையில் பெயர் உள்ளவர்தான்.

மண்டபத்தில் நடப்பது இதுதான். முகூர்த்த நாளில் 800 பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒருமுறை கழிப்பறை போய்ப் பத்து லிட்டர் ஊற்றினாலே 8,000 லிட்டர். டேங்கின் கொள்ளளவு 10,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி ஏற்கெனவே சேறு. முதல்நாள் ரிசப்ஷன் பந்தி முடிவதற்குள் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வருகிறது. மண்டப மேனேஜர் கழிவுநீர் லாரிக்குப் போன் போடுகிறார், ராத்திரியில் லாரி வராது. அடுத்த போன், தெரிந்த ஆளுக்கு. அவர் வாளியும் கயிறுமாக இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பேசிய தொகை கையில். பில் கிடையாது, நோட்டில் எழுதுவதும் கிடையாது. காலையில் தாலி கட்டும்போது அவர் வந்துபோன தடயமே இருக்காது. பெரும்பாலான கமிட்டிகளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ‘மேனேஜர் பார்த்துக்கொள்வார்’ என்பதுதான் ஏற்பாடு.

உள்ளே இருப்பது வெறும் நாற்றம் இல்லை. மலச்சேறு அழுகும்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் உருவாகின்றன. மூன்றாவதுதான் எமன். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை நெருங்கினால் மூக்கே மரத்துப்போய்விடும். ‘நாற்றம் விட்டுவிட்டது, இறங்கலாம்’ என்று சொல்லும் நேரம்தான் மிக மோசமான நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்வார், 1,000-க்கு மேல் ஓரிரு மூச்சு போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். சேறு கலங்காமல் கிடக்கும்போது வாயு அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். கால் வைத்துக் கிளறியதும் குப்பென்று வெளியேறும். மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் காற்றாட விட்டோமே என்பதில் அர்த்தமில்லை. முதல் ஆள் சாய்ந்ததும் தூக்க இரண்டாவது ஆள் குதிப்பார், அவர் பின்னால் மூன்றாவது ஆள். செய்தித்தாளில் அப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் என்று வருவது இதனால்தான்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது, காகிதம் கொளுத்திப் போடுவது, சாராயம் குடித்துவிட்டு இறங்குவது எதுவும் காப்பாற்றாது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருப்பது தெரியாது. மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கும். அடைப்புக்கு ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். சேற்றில் உள்ள சல்ஃபைடோடு ஆசிட் சேர்ந்தால் அதே விஷவாயு ஒரே நேரத்தில் கிளம்பும். போதாக்குறைக்குச் சேற்றைச் செரிக்கும் நுண்ணுயிரும் செத்து, அடிச்சேறு இறுகிவிடும். சுத்தம் என்று நினைத்து வாரம் ஒரு கேன் ஃபினாயிலும் ஆசிட்டும் ஊற்றும் மண்டபங்களில்தான் டேங்க் சீக்கிரம் கல்லாகிறது. அப்புறம் லாரிக் குழாய்க்கு அது வராது, ‘ஆள்தான் இறங்கணும்’ என்பார்கள்.

ஆள் இறங்க வேண்டிய நிலை எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் பொறியாளரோடு ஒருநாள் நின்று பாருங்கள். திறக்க ஒரு வாயே இல்லாத டேங்க், அல்லது மூடிமேல் தளம் போட்ட டேங்க். மூன்று அறை இருக்கும் டேங்குக்கு ஒரே ஒரு வாய். லாரி நிற்கும் இடத்திலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளிக் கிடக்கும் டேங்க், சாதாரண லாரியின் குழாய் அவ்வளவு எட்டாது. சமையற்கட்டுக் கழிவுநீர் எண்ணெயும் சோறுமாக நேரே உள்ளே வந்து மேலே கட்டித்தட்டுவது. நாப்கின், துணி, பிளாஸ்டிக் கப். இவற்றில் ஒன்றுகூடச் சரிசெய்ய முடியாதது இல்லை. ஒவ்வோர் அறைக்கும் நேர் மேலே இரண்டடி அகலத்தில், இரண்டு பேர் தூக்கக்கூடிய எடையில் தனி மூடி. வலை கட்டிய காற்றுப்போக்கிக் குழாய், கூரை உயரத்துக்கு மேல். சமையற்கட்டு நீருக்குத் தனி எண்ணெய்ப் பொறி, வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை வழித்தெடுக்க வேண்டும். பெண்கள் கழிப்பறை ஒவ்வொன்றிலும் மூடி போட்ட குப்பைத்தொட்டி. இந்தக் கடைசி ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு பந்தி இலைக்கட்டு விலைகூட வராது, ஆனால் பாதி அடைப்பு அதிலேயே போய்விடும்.

டேங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்க யாரும் எட்டிப்பார்க்க வேண்டாம். டேங்கின் ஆழத்தைவிட மூன்றடி நீளமான மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். நின்றபடியே மூடி வழியாக அடிவரை மெதுவாக விட்டு, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நேராக இழுங்கள். துண்டில் கறுப்பாகப் படிந்த உயரம்தான் அடிச்சேறு. மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை அது தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிடும் நேரம். பக்கத்தில் பீடி, சிகரெட், கற்பூரம் கூடாது. வீட்டு டேங்குக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். மண்டபத்துக்கு அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

லாரி வந்தாலும் ஒரு ஏமாற்று நடக்கும். மேல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்கள், அடிச்சேறு அப்படியே கிடக்கும். உறிஞ்சிய நீரைத் திருப்பி உள்ளே பீய்ச்சிச் சேற்றைக் கலக்கி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். எல்லாமே மேலே நின்றபடி நடக்க வேண்டும். லாரி போனதும் மூங்கிலை மறுபடி விட்டுப் பாருங்கள். சில அங்குலம் சேறு மிச்சமிருந்தால் நல்லதுதான், நுண்ணுயிர் அதிலிருந்து மறுபடி பெருகும். பணம் கொடுப்பது அதற்கப்புறம். பதிவு பெற்ற லாரி எண், எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்ற விவரம், ரசீது மூன்றும் இல்லாமல் வண்டியை உள்ளே விடாதீர்கள். கருங்குழிப் பேரூராட்சியில் 2017-லேயே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. அதன்பின் பல ஊர்களில் வந்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் உங்கள் டேங்கின் கழிவு பக்கத்து ஊர் ஏரியில் போய்ச் சேர்ந்தால், அந்த ஏரித்தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

புதிதாக மண்டபமோ பள்ளிக்கூடமோ கட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒருசொட்டு மலம் விழாத புது டேங்கும் ஆளைக் கொல்லும். மேல்தளம் போட்டு, உள்ளே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை நிற்க, வாயை மூடிவிடுவார்கள். கியூரிங் தண்ணீரும் மழைத் தண்ணீரும் உள்ளே தேங்கும். பலகையும் சவுக்குக் கட்டையும் அதில் ஊறி அழுகும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றமும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பலகை பிரிக்க இறங்குகிற கட்டடத் தொழிலாளி ஏணியிலேயே சரிந்துவிடுவார். இதற்கு வழி மிகச் சுலபம். மேல்தளத்தை அங்கேயே வார்க்காமல் வெளியே வார்த்த சிலாப்புகளைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே பலகையே நிற்காது, பிரிக்க ஆளும் வேண்டாம். கான்ட்ராக்டர் முணுமுணுப்பார். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டால் செய்துதான் ஆகவேண்டும்.

இனி சட்டம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்பது 7-ஆம் பிரிவு. அதில் நீங்கள் கவனிக்க வேண்டிய சொற்கள் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ என்பவை. மண்டபத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம், அது குத்தகைதாரர் பாடு என்று கமிட்டி கைகழுவ முடியாது. மேனேஜர் கூப்பிட்டார், எங்களுக்குத் தெரியாது என்றும் தப்ப முடியாது. 9-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். இறங்கியவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் வரும். தவிர்க்கவே முடியாமல் சாக்கடையில் ஆள் இறங்க வேண்டும் என்றாலும், உள்ளாட்சித் தலைமை அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும், பாதுகாப்புக் கருவி அத்தனையும் இருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வாளியோடு வருகிறவரிடம் இதில் எது இருக்கிறது?

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு கமிட்டியும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம். நாங்கள் பரிந்துரைக்கும் வாசகம்: ‘எங்கள் நிர்வாகத்தின்கீழ் உள்ள கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், விடுதி, மண்டபம் எதிலும், எந்தத் தொட்டியிலும் குழியிலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறக்கப்பட மாட்டார். குத்தகைதாரர், ஒப்பந்தக்காரர் எவர் மீறினாலும் அன்றே ஒப்பந்தம் ரத்து.’ குத்தகைப் பத்திரத்திலும் இதே வரி ஏற வேண்டும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர் கையெழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம், உதவி ஆணையருக்கு நகலும் போக வேண்டும். வக்ஃப் சொத்தில் முத்தவல்லியும், கத்தோலிக்கப் பங்கில் பங்குத்தந்தையோடு மறைமாவட்ட நிர்வாகமும் சேர வேண்டும். கையெழுத்து வந்துசேர எங்கே தாமதமாகும் என்பது உங்களுக்கே தெரியும், அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு மண்டபத்திலும் ஓர் அட்டை தொங்கட்டும்: டேங்கின் அளவு, கடைசியாக அளந்த தேதி, சேற்றின் உயரம், லாரி வந்த தேதி. கூடவே இரண்டு பதிவு பெற்ற லாரிக்காரர்களின் எண்ணும், டேங்க் கழிவு எடுக்கக் கூப்பிடும் 14420 என்ற அரசு உதவி எண்ணும்.

இந்தத் தீர்மானத்தை ஒரு கோயில் மட்டும் போட்டால் நல்ல காரியம். ஊரில் உள்ள எல்லா வழிபாட்டிடங்களும் ஒரே வாரத்தில் போட்டால் வேறு விளைவு உண்டு. வாளிக்காரரைக் கூப்பிடும் மண்டபங்கள் ஒரே நாளில் இல்லாமல் போகும், லாரி வைத்திருப்பவருக்கு ராத்திரிச் சேவை தருவது கட்டுப்படியாகும். தனியார் மண்டபக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் பின்னால் வந்துதான் ஆகவேண்டும். ஊரில் பெரிய டேங்குகள் வைத்திருப்பவர்கள் நீங்கள்தான் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

உதவி என்று வந்தால் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோயில் மண்டபத்திலும் சாதி மதம் பார்க்காமல் சோறு போட்டார்கள், தண்ணீர் வடிந்ததும் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களைக் கழுவிக் கொடுத்தார்கள். கொரோனாவின்போது யாரும் தொடத் தயங்கிய உடல்களை அவரவர் மத முறைப்படி அடக்கம் செய்தார்கள். அந்தக் கைகளையே நம்பித்தான் இதை எழுதுகிறோம். ஆனால் அதிகாரியிடம் கணக்குக் கேட்பது வேறு பழக்கம். சோறு போடும்போது எல்லோரும் கைதட்டுவார்கள், கணக்குக் கேட்டால் தட்டமாட்டார்கள்.

இந்தப் பழக்கம் கைவந்த ஓர் ஊரின் கதை, சாக்கடையில் தொடங்கியது என்பதால் இங்கே பொருந்தும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆன்டோனியோ. மேற்குப் பக்கத்து மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடியிருப்புகள் ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும். எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்ற அமைப்பாளர் அங்கிருந்த கத்தோலிக்கப் பங்குகளில் ஒவ்வொருவராகப் பார்த்து, உங்களுக்கு எது வலிக்கிறது என்று கேட்டார். பெரிய கொள்கை எதுவும் வரவில்லை, வடிகால் என்றார்கள். 1974-ல் பங்கு மக்களே நகராட்சிக் கோப்புகளைத் தோண்டினார்கள். தங்கள் பகுதிக்கான வடிகால் திட்டம் 1945-லேயே ஒப்புதலாகிக் கிடப்பில் கிடந்தது தெரிந்தது. அந்த ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் நகர மேலாளரைக் கூட்டத்துக்கு அழைத்து, அந்தக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் வடிகாலுக்கான கடன்பத்திரத் திட்டம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காப்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்த அமைப்பு அதன்பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது. பால்டிமோரில் 1994-ல் தேவாலயக் கூட்டமைப்பு ஒன்று, தங்கள் இலவச உணவு வரிசையில் நிற்பவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள் என்பதைக் கவனித்தது. மாநகராட்சி ஒப்பந்தத் தொழிலாளிக்கு மணிக்கு 6.10 டாலர் கூலி என்று சட்டமே கொண்டுவரச் செய்தது. அப்போது அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர். உங்கள் அன்னதான வரிசையில் தூய்மைப் பணியாளர் சீருடை தெரிகிறதா என்று ஒருநாள் பாருங்கள்.

கோப்பைத் தோண்ட நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ‘தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவண நகல் கேளுங்கள். நகராட்சியில் பதிவு பெற்ற கழிவுநீர் லாரிகளின் பட்டியல். சுத்திகரிப்பு நிலையத்தில் மாதவாரியாக இறக்கப்பட்ட நடைகள். அடைப்பு எடுக்கும் இயந்திரங்களின் கடந்த ஆறு மாத லாக் புக், அதாவது இயந்திரம் ஓடிய பதிவேடு. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பிஎஃப், இஎஸ்ஐ செலுத்திய சலான். மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசி இரண்டு ஆண்டுகளில் கூடிய தேதிகளும் நடவடிக்கைக் குறிப்பும். 2013 சட்டப்படி ஆட்சியர் தலைமையில் இருக்க வேண்டிய குழு அது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். லாக் புக்கைத்தான் நாங்கள் முதலில் புரட்டுவோம். இயந்திரம் வாங்கிய செய்தி பேப்பரில் வந்திருக்கும், லாக் புக்கில் பல வாரம் டீசலே போட்டிருக்காது. ஓட்டுநர் இல்லை, குழாய் கிழிந்துவிட்டது, சந்துக்குள் போகாது என்று ஏதோ ஒன்று. அந்த ஒன்று என்னவென்று தெரிந்தால் உங்கள் கோரிக்கை ஒரே வரிக்குச் சுருங்கும்.

அதே 30 நாளில் நீங்கள் ஒரு கணக்கெடுப்பு முடித்துவிடலாம். ஜும்ஆவிலும் ஞாயிறு வழிபாட்டிலும் பிரதோஷத்தன்றும் அறிவித்து, தெருவுக்கு இரண்டு பேர், இருவரும் வெவ்வேறு வழிபாட்டிடத்துக்காரர்கள். நான்கு கேள்வி போதும்: டேங்க் இருக்கிறதா, மூடி திறக்கிற நிலையில் இருக்கிறதா, கடைசியாக எப்போது எடுத்தீர்கள், யார் எடுத்தார்? ஐந்தாவது கேள்வி சேர்க்காதீர்கள், காகிதம் நீண்டால் பாதி வீட்டில் நிரப்பமாட்டார்கள். நகராட்சியிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்காது.

அதன்பிறகு பொதுக்கூட்டம். இதில்தான் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். ஆணையாளர் வந்ததும் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு. பொன்னாடை போர்த்திய கையோடு ‘லாக் புக்கில் ஏன் டீசல் இல்லை’ என்று கேட்க யாருக்கும் வாய் வராது. ஆகவே பொன்னாடை கிடையாது, தண்ணீர் பாட்டில் மட்டும். கூட்டம் ஒன்றரை மணி நேரம். ஒரு வாரம் முன்பே கேள்விகளை ஆணையாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள், ஒளித்து வைத்துத் தாக்குவது நம் நோக்கமில்லை. தூய்மைப் பணியாளர்கள் மூவர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவார்கள். பிறகு கோரிக்கைகள் ஒவ்வொன்றாக: ‘ராத்திரி நேர லாரிச் சேவை ஒன்றை அடுத்த மாதம் முதல் தேதிக்குள் தொடங்குவீர்களா? ஆமா, இல்லையா?’ ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதிலை ‘இல்லை’ என்று பலகையில் எழுதுங்கள். முடிவில் அடுத்த சந்திப்பின் தேதியை அவர் வாயாலேயே சொல்லவைத்து மைக்கை அணையுங்கள்.

எத்தனை பேர் வருவார்கள் என்பதை விதிக்கு விடாதீர்கள். ஒவ்வொரு வழிபாட்டிடமும் ஓர் எண்ணை ஒப்புக்கொள்ளட்டும்: 60, 40, 25. வாசலில் வழிபாட்டிடம் வாரியாகப் பெயர் எழுதுங்கள். யார் சொன்ன எண்ணைக் கொண்டுவரவில்லை என்பது மறுநாள் ஆய்வுக்கூட்டத்தில் முகத்துக்கு நேரே பேசப்பட வேண்டும். கசப்பாக இருக்கும். பேசாவிட்டால் அடுத்த கூட்டத்தில் எல்லோருடைய எண்ணும் பாதியாகும். ஊராட்சிப் பகுதி என்றால் இன்னும் சுலபம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைகளில் ஒன்றில் தீர்மானமாகவே போட்டு, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம்.

எங்கே உடையும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது, படம். சமத்துவப் பொங்கலிலும் இஃப்தாரிலும் மூன்று மதத் தலைவர்கள் கைகோத்து நிற்கும் படம் எடுத்தாகிவிட்டதால் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடும். இரண்டாவது, தலைவர் பதவி. மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று சுழற்சியில் விடுங்கள், கட்சிப் பொறுப்பில் இருப்பவர் கூட்டத்துக்கு வரட்டும், மேடைக்கு வேண்டாம். மூன்றாவது, வெளியே எங்காவது மதக்கலவரச் செய்தி வரும், வாட்ஸ்அப் கொதிக்கும், ஒரு தரப்பு ‘கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்’ என்று ஒதுங்கும். அந்த வாரத்துக்கென்றே ஒரு விதியை முதல் நாளே எழுதி வையுங்கள்: எந்தச் செய்தி வந்தாலும் 24 மணி நேரத்துக்குள் பொறுப்பாளர்கள் நேரில் சந்திப்பார்கள், டேங்க் அட்டை வேலை நிற்காது. இறையியல் விவாதம் இந்த மேசைக்கு வராது, யாரும் யார் முறையிலும் பிரார்த்தனை செய்ய வேண்டியதுமில்லை.

நான்காவதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை. இறங்குகிறவர்களின் தெருவுக்கு உங்கள் சாமி ஊர்வலம் போகாமல் இருக்கலாம். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் இருக்கலாம். தூய்மைப் பணியாளர்களுக்காகப் பேசும் குழுவில் தூய்மைப் பணியாளர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். குழுவில் பாதி இடம் அவர்களுக்கு, அதிலும் பாதி பெண்களுக்கு. கூட்டம் அவர்கள் வேலை முடிந்த நேரத்தில். காலை ஷிப்ட் அதிகாலையிலேயே தொடங்குகிற ஊரில் இரவு எட்டு மணிக் கூட்டம் என்பது அவர்களை வரவேண்டாம் என்று சொல்வதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு ஊரில் ஒரு சாவு நடந்துவிட்டால் முதல் ஆறு மணி நேரம் முக்கியம். மருத்துவமனை வாசலிலேயே ஒரு ‘பெரிய மனிதர்’ ரொக்கத்தோடு வந்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப் பார்ப்பார். சில ஊர்களில் அந்தப் பெரிய மனிதர் உங்கள் கமிட்டிக்காரராகவே இருப்பார். குடும்பத்தோடு இரண்டு பேர் உட்காருங்கள், எதிலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை வெறும் சந்தேக மரணமாகவோ கவனக்குறைவாகவோ நின்றுவிடாமல் 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகள் ஏற வேண்டும். நகலை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுப் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்று வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையாமல். ரொக்கக்காரர் சொல்லும் தொகையை இதோடு வைத்துப் பாருங்கள். ஆட்சியருக்கு மனு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில், குடும்பத்தோடு, எல்லா வழிபாட்டிடங்களின் லெட்டர்ஹெட்டிலும்.

தொடங்க நாள் பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கோயில் மண்டபத்தில் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் தேவாலய மண்டபம் சும்மா கிடக்கும், ரமலானில் ஜமாஅத் மண்டபம். டேங்கை அளக்கவும், லாரி கூப்பிடவும், டைல்ஸை உடைத்து மூடி வைக்கவும் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் இப்படி ஒரு காலியான மாதம் வாய்க்கிறது. இந்த மடல் உங்கள் கையில் கிடைத்த பிறகு வரும் முதல் காலி மாதத்தில், ஒரு மூங்கில் கழி, வெள்ளைத் துண்டு, மண்டபத்தின் குத்தகைப் பத்திர நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூட்டம் உங்கள் மண்டபம் எதிலும் வேண்டாம். தூய்மைப் பணியாளர் குடியிருப்பில், அவர்கள் சொல்லும் நேரத்துக்கு.

இப்படிக்கு,
தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்யும் பொறியாளர்கள், வழக்குரைஞர்கள், களப்பணியாளர்கள்